ஒரு அசைவுக்கு ஒரு குச்சி

குளுக்கோஸ் தண்ணியைக் குடித்துவிட்டு அந்தப் பெண் பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்பது நாற்பது. அப்படியென்றால் பதினொன்று நாற்பதுக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் அவள் அங்கேதான் இருப்பாள், என் அறைக் கதவுக்கு நேர் எதிரே, மின்விசிறிக்கு அடியில், நான் தலையைத் தூக்கினால் கண்ணில் படுகிற இடத்தில். எத்தனையோ பெஞ்சு கிடக்கிறது, வேறெங்காவது போய் உட்காரக்கூடாதா இவள். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள், இன்றைக்கு அறுபத்திரண்டு பேர், பார்க்கிற டாக்டர் ஒருத்தி, அந்த ஒருத்தி நான், செண்பகவல்லி, கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு ஊர் அம்மன் பெயரைத் தவிர வேறென்ன பெயர் வைப்பார்கள். அறுபத்திரண்டு வயிறு, அறுபத்திரண்டு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் எடை, ரத்த அழுத்தம், வயிற்றின் உயரம், குழந்தையின் துடிப்பு, கால் வீக்கம், கடைசியில் அரை அங்குல இடத்தில் குறைகள் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை. குறை இல்லை. பெண் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் எழுதி முடித்திருப்பேன். இவளுக்கும் அப்படித்தான் எழுதினேன், மாரிச்செல்விக்கு, வயது இருபத்துமூன்று, எட்டாம் மாசம், கூட வந்தது மாமியார் வெள்ளத்தாய். தூக்கமெல்லாம் எப்படி என்று கேட்டேன். கேட்டேனா? கேட்டேன், கேட்டது இவளிடம், பதில் சொன்னது மாமியார். நல்லாத் தூங்குறா டாக்டரம்மா. சாப்பாடு? சாப்பாட்டுக்கு என்ன குறை எங்க வீட்டுல. இங்கே அது வழக்கம்தான், மருமகள் வயிற்றில் இருப்பது குடும்பத்துப் பிள்ளை, அதனால் வாயும் குடும்பத்து வாய், நானும் இருபது வருஷமாக மாமியார்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து வெள்ளத்தாய் முன்னால் வெளியேறிய பிறகு, கதவுவரைக்கும் போன மாரிச்செல்வி திரும்பி நின்று மெதுவாகக் கேட்டாள். "டாக்டரம்மா, ஒரு நாள் எண்ணாம விட்டுட்டா ஏதாச்சும் ஆயிருமா?" நான் அதற்குள் அடுத்த அட்டையைக் கையில் எடுத்திருந்தேன். "ஒண்ணும் ஆகாது, நல்லாச் சாப்பிடு, நல்லதையே நினை" என்றேன். நல்லதையே நினை. யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வசனத்தை என்று தெரியவில்லை.

இதோ கை போகிறது. மடியில் இரண்டு தீப்பெட்டி, இடது பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வலது பெட்டியில் போடுகிறாள், குழந்தை அசைந்திருக்கிறது, ஒரு அசைவுக்கு ஒரு குச்சி. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் பெட்டியில் குச்சி அடைத்தவள், அந்தப் பழக்கம் விரலில் இருக்கிறது, பார்க்காமலே எடுக்கிறாள், பார்க்காமலே போடுகிறாள். எண்ணச் சொன்னது யார்? நான்தான். போன மாசம் நான்தான் சொன்னேன், மத்தியானம் சாப்பிட்டுட்டு இடது பக்கமாப் படு, குழந்தை பத்துத் தடவை அசையுற வரைக்கும் எண்ணு, பத்து வந்தாப் போதும், எந்திரிச்சு வேலையைப் பாரு. பத்து வந்தாப் போதும் என்று சொன்னேனா, இல்லை பத்துக்குக் குறையக்கூடாது என்று சொன்னேனா, எனக்கு இரண்டும் ஒன்று, அவளுக்கும் ஒன்றா. "டாக்டர், இந்தப் பிள்ளைக்கு முதுகு வலியாம்" என்று ஜெபமணி சிஸ்டர் அடுத்தவளை உள்ளே விடுகிறாள், எடை சரி, அழுத்தம் சரி, துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு, போய்ட்டு வாம்மா, குனிஞ்சு தண்ணிக்குடம் தூக்காதே. போய்விட்டாள். பெஞ்சில் இவள் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் இவள் வந்து அந்த இரண்டு பெட்டியையும் என் மேசையில் வைத்தாளே, எண்ணிட்டு இருக்கேன் டாக்டரம்மா என்றாளே, நான் என்ன செய்தேன், பெட்டிகளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கே போனேன், கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கோங்க, சொன்னதைச் செய்யுறா பாருங்க, இவதான் நல்ல அம்மா." நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபமணி சிஸ்டர் கை தட்டினாள். மாரிச்செல்வி சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் அந்தச் சிரிப்பைத் தேடிப்போனால் கிடைக்கமாட்டேன் என்கிறது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள், அது வெட்கமா வேறெதுவுமா, நான் பெட்டியைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

செல்போனைத் திருப்பிப் பார்க்கிறேன். ஓவியா கடைசியாக வாட்ஸப்பில் இருந்தது ஏழு ஐம்பத்திரண்டு. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள் என் மகள், முதல் வருஷம், வகுப்பில் இருப்பாள், வகுப்பில் போனைப் பார்க்கக்கூடாது, அதெல்லாம் தெரியும், சும்மா பார்த்தேன். கவிழ்த்து வைக்கிறேன். மாரிச்செல்வியின் அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் என்ன, ஏன் எடுக்க வேண்டும், பார்த்தாகிவிட்டது, முடிந்துவிட்டது. எடுக்கிறேன். போன தடவை ஐம்பத்திரண்டரை கிலோ, இந்தத் தடவை ஐம்பத்தொன்று எழுநூறு. எட்டாம் மாசத்தில் எடை ஏறணும், இறங்கியிருக்கிறது. இரண்டு எண்ணையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில், அதற்கு அடுத்த கட்டத்திலேயே குறை இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அதையும் பார்த்தேன். பார்த்ததை எழுதவில்லை, எங்கள் வேலையில் எழுதாதது பார்க்காததுதான். முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கிறது, போன வருஷம் ஐந்தாம் மாசத்தில் ஒன்று தங்காமல் போனது. வெள்ளத்தாய் முதல் நாளே சொன்னாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள், உள்ள அது அசைவு நின்னது இவளுக்குத் தெரியவே இல்லை டாக்டரம்மா, ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, வெகுளிப் பிள்ளை. அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் இவளிடம் எண்ணு என்று சொல்லியிருக்கிறேன். எண்ணச் சொன்னது தப்பில்லை, புத்தகத்தில் இருக்கிறது, எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் எல்லாரும் இவளா? தெரியவில்லை. தலைக்குள் ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது, எண்ணாம விட்டுட்டா ஏதாச்சும் ஆயிருமா, எண்ணாம விட்டுட்டா. இது அவள் குரல்தானா? எனக்கு வேறு யாரோ கேட்ட மாதிரி இருக்கிறது.

வேறு யாருமில்லை, நான்தான் கேட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த பெரிய ஆஸ்பத்திரியில், ஓவியா வயிற்றில் ஆறு மாசம், நான் என்னிடமே கேட்டுக்கொண்டேன், இப்போ பார்க்காம விட்டால் ஏதாவது ஆயிருமா. பிரசவ அறையில் டாப்ளர் இருக்கும், வயிற்றில் வைத்தால் குழந்தையின் துடிப்பு கேட்கிற சின்னக் கருவி, அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டி அறைக்குப் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். ஜெல்லி சில்லென்று இருக்கும். நூற்று நாற்பத்தெட்டு. சரி, இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. துடைத்துவிட்டு வெளியே வந்தால் வார்டு முனைக்குப் போவதற்குள் திரும்பவும் அது வந்துவிடும், இப்போது? இந்த நிமிஷம்? ஒரு நாளைக்கு ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன், சில நாள் பன்னிரண்டு. ஒரு தடவை நாற்பது வினாடி துடிப்பே கிடைக்கவில்லை, குழந்தை திரும்பிப் படுத்திருந்தது, அவ்வளவுதான், ஆனால் அந்த நாற்பது வினாடியை நான் இன்றைக்கும் முழுசாகச் சொல்வேன், சுவரில் ஒரு காலண்டர், அதில் ஆணி பக்கத்தில் கிழிசல். யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடமும் இல்லை. ஒரே ஒரு தடவை எங்கள் பேராசிரியை மேடத்திடம் வாய் திறந்தேன், மேடம், எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. அவர் வாய்விட்டுச் சிரித்தார், நல்ல மனுஷி, கெட்ட எண்ணமே கிடையாது. "நீயே டாக்டர், உனக்கு என்னம்மா பயம், நல்லதையே நினை." ஆங், அங்கிருந்துதான் வந்திருக்கிறது அந்த வசனம். அதே மாசம் பரீட்சை, கர்ப்பகாலத்து மனநோய்கள் என்று ஒரு கேள்வி, மூன்று பக்கம் எழுதினேன், அறிகுறிகள், காரணங்கள், எல்லாம், நல்ல மார்க். எழுதும்போது ஒரு வரியில்கூட இது நான்தான் என்று தோன்றவில்லையே, அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. சேலையில் ஜெல்லிக் கறையை வைத்துக்கொண்டு அறிகுறிகளை எழுதியிருக்கிறேன். அது நோயா, தாய்ப்பாசமா, படிப்பு மிஞ்சிப்போன கோளாறா, இன்றைக்குக் கேட்டாலும் பதில் சொல்லத் தெரியாது.

பத்து ஐம்பது. இரட்டைக் குழந்தைக்காரி வந்தாள், போனாள். காலில் வீக்கம் ஒருத்திக்கு, அவளைப் படுக்க வைக்கச் சொன்னேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது, டீ கிளாஸ் வைத்து வைத்துக் கண்ணாடி மேலே வட்டம் வட்டமாகக் கறை, அதற்கு அடியில் எழுத்து. போன மாசம் தூத்துக்குடியில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கர்ப்பிணிகளின் மனநலம். சின்ன வயசு டாக்டர் ஒருவர், மைக் சரியில்லை, இரைந்துகொண்டே இருந்தது, மத்தியானம் சாப்பாடு தயிர்சாதத்தில் முடிந்தது, அதற்கப்புறம் நான் தூங்கிவிட்டேன், மறைப்பானேன். ஒன்று மட்டும் காதில் விழுந்தது. கேளுங்க, அவங்களைத் தனியா வச்சுக் கேளுங்க. மஞ்சள் தாளில் இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாகவோ நம்பிக்கையற்றோ உணர்ந்தீர்களா. கடந்த இரண்டு வாரங்களில் கட்டுப்படுத்த முடியாத பதற்றம் இருந்ததா. இந்தத் தமிழில் யார் யாரிடம் கேட்பது, வெள்ளத்தாய் முன்னால் நான் இதை வாசித்தால் அவள் எந்தக் கட்சி ஓட்டுக் கேட்கிறது என்று பார்ப்பாள்.

"சிஸ்டர், இந்த மஞ்சத் தாள்ல இருக்கிறதை நாம யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கோமா?"

"எல்லாருக்கும் போட்டாச்சே டாக்டர்."

"என்ன போட்டாச்சு?"

"ரெண்டு கேள்விக்கும் இல்லைன்னு. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்ல, உக்காந்து கேட்டுட்டு இருந்தா நான் எப்ப ஊசி போட?" அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை, நான் குறை இல்லை என்று எழுதுகிறேன், அவள் இல்லை இல்லை என்று போடுகிறாள், இரண்டு பேரும் சேர்ந்து இந்த வட்டாரத்தில் யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது என்று வருஷக்கணக்கில் மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். "ஏன் டாக்டர், ஏதும் இன்ஸ்பெக்ஷன் வருதா?" என்றாள். இல்லை சிஸ்டர், சும்மா கேட்டேன்.

கை போகிறது. மறுபடி போகிறது. இப்போது அவள் வலது பெட்டியை மூடிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறாள், ஒரு பெட்டி முழுசாக முடிந்திருக்கிறது, நாற்பது குச்சிக்கு மேல் இருக்குமே. பக்கத்தில் வெள்ளத்தாய் சுவரில் சாய்ந்து அரைத் தூக்கம். கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா? கேட்டால் சொல்வாள், அதுதான் பயம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்றால் இரும்புச் சத்து மாத்திரை என்னிடம் இருக்கிறது, அழுத்தம் ஏறினால் அதற்கு மாத்திரை இருக்கிறது, ஆமா டாக்டரம்மா எனக்கு என்னவோ பண்ணுது என்று இவள் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பேன். வியாழக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருகிறார், தெரியும், யாரையும் அனுப்பினதில்லை. அனுப்பினால் வெள்ளத்தாய் என்ன சொல்வாள், எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பைத்தியம்னா சொல்லுதீய என்று சண்டைக்கு வருவாள். வராமலும் இருக்கலாம், எனக்கெப்படித் தெரியும், நான் கேட்டுப் பார்த்ததே கிடையாதே. கேட்காமல் விட்டுவிட்டால்? இரண்டு வாரம் கழித்து இன்னும் ஒரு கிலோ இறங்கி வருவாள், அல்லது நான் இன்றைக்கு நல்லதையே நினை என்று சொன்னதற்கு அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி நிற்கவே மாட்டாள். அதுதான். நான் வாய் மூடிக்கொண்டேனே பதினெட்டு வருஷம், மேடம் சிரித்த அந்த ஒரு நாளோடு, அந்த மாதிரி இவளும் மூடிக்கொள்வாள். செல்போனைத் திருப்புகிறேன், ஏழு ஐம்பத்திரண்டு. கவிழ்க்கிறேன். ஒரு அட்டை பார்க்கிறேன், குறை, பேனா தானாகவே போகிறது, நிறுத்துகிறேன், எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் யார் என்றுகூடத் தெரியவில்லை. "உனக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" அவள் மிரண்டு போய் பின்னால் நிற்கிற அத்தையைப் பார்த்தாள். நான் போனைத் திருப்புகிறேன். ஏழு ஐம்பத்திரண்டு.

பதினொன்று நாற்பது. லேப்காரர் வராந்தாவில் மாரிச்செல்வி பெயரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார், அவள் ஊசியைப் பார்க்கவே இல்லை, இன்னொரு கையால் குச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கதவுக்கு வந்துவிட்டேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது, ஆனால் வந்து நின்றதும் வாய் பேசிவிட்டது. "வெள்ளத்தாயி, இந்தச் சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கிட்டு வாங்க, வரிசை பெரிசா இருக்கு." அவள் மருமகளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "இவளை?" "இவ இருக்கட்டும், நான் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்." போய்விட்டாள், அவ்வளவு சுலபமாக, இருபது வருஷமாக இதை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. கதவைச் சாத்தினேன். மாரிச்செல்வி உட்கார்ந்தாள், மடியில் பெட்டிகள், கை மேல் பஞ்சு. மஞ்சள் தாளை வாசிப்பதற்கு நாக்கு வரவில்லை.

"தூங்குறியா?"

அவள் தலை கதவுப் பக்கம் திரும்பியது. பதில் சொல்ல அங்கே யாருமில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இல்லை டாக்டரம்மா."

"எத்தனை நாளா?"

"நீங்க நல்ல அம்மான்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்கள்ல, அன்னைலேருந்து." குற்றமாகச் சொல்லவில்லை, தேதி சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் தூங்கும்போது அது அசைஞ்சா யாரு எண்ணுவா? சாப்பிட உக்காந்தா ஒரு கை வேணும், எண்ண ஒரு கை வேணும், குழம்பி விட்டுப்போயிருது, மறுபடி முதல்லேருந்து. நேத்து ஏழு பெட்டி." "நிறுத்தணும்னுதான் இருக்கு. நிறுத்திட்டா நான் நல்ல அம்மா இல்லைன்னு ஆயிரும்ல?"

வயிற்றில், ஜெல்லி பட்ட அதே இடத்தில், சில்லென்றது. நான் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லியிருக்கலாம், இந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதெல்லாம் வரும், ஆனால் வந்தது வேறு. "நான் சொன்னது தப்பு மாரிச்செல்வி" என்றேன். "நீ எண்ணுனதைப் பாத்தேன், உன்னைப் பாக்கலை. மத்தியானம் ஒரு தடவை, பத்து வந்தா முடிஞ்சுது, அவ்வளவுதான் நான் சொல்லியிருக்கணும். மத்த நேரம் எண்ணுறது அதுக்காக இல்லை, உன் பயத்துக்காக. அதுக்கு வேற வைத்தியம் இருக்கு." அவள் நம்பினாளா தெரியவில்லை, பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், அதனால் நான் சொன்னேன், யாரிடமும் சொல்லாததை, டியூட்டி அறை, தாழ்ப்பாள், ஜெல்லி, ஒன்பது தடவை, பன்னிரண்டு தடவை, அந்த நாற்பது வினாடி, காலண்டரின் கிழிசல். சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சேலைக்கு அடியில் வயிறு ஒரு பக்கமாக எழும்பி இறங்கியது, நானே பார்த்தேன், அவள் கை குச்சியை எடுத்தது, எடுத்துவிட்டு அப்படியே நின்றது.

"டாக்டருக்குமா இப்படி வரும்?"

"வந்துச்சே."

"எப்ப நின்னுச்சு உங்களுக்கு?"

பிள்ளை பிறந்ததும் நின்னுடுச்சும்மா. சொல்லவேண்டியது அதுதான், அவளுக்கும் தெம்பாக இருக்கும். வாயைத் திறந்தேன். மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது, காலையிலிருந்து எத்தனை தடவை திருப்பினேன், பதினொன்று இருக்குமா, பதினான்கு இருக்குமா, நான் எண்ணவில்லை. ஓவியாவுக்குப் பதினேழு வயது. முந்தாநாள் அவள் போனில் சொன்னாள், அம்மா, நான் பாத்ரூம் போனாக்கூட நீ எங்கேன்னு கேக்குற, என் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க. நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டேன்.

"நிக்கலை" என்றேன். "இன்னும் நிக்கலை மாரிச்செல்வி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி என்னை எந்த நோயாளியும் பார்த்ததில்லை, டாக்டரைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"வியாழக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு இதுக்குன்னே ஒரு டாக்டர் வாரார். காலைல ஒன்பது மணிக்கு வந்துரு, உங்க அத்தைகிட்ட நான் பேசுதேன். நானும் வாரேன்."

"எனக்குத் துணைக்கா?"

"உனக்குத் துணைக்குத்தான்." அதோடு விட்டிருக்கலாம்தான். "எனக்கும் ஒரு சீட்டுப் போடணும்."

கையில் இருந்த குச்சியை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, இரண்டையும் பார்த்தாள், பிறகு அதை என் மேசைமேல், மஞ்சள் தாளுக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தாள். வைத்துவிட்டு, "போன வருஷம் டாக்டரம்மா," என்று ஆரம்பித்தாள், "அந்த ரெண்டு நாளு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னா." பெட்டி இரண்டையும் மூடினாள். நான் அவள் அட்டையை எடுத்துக் குறை இல்லை என்பதைக் குறுக்கே அடித்தேன், அதற்குப் பக்கத்தில் எழுத இடமே இல்லை, பேனாவை மூடி வைத்துவிட்டேன். கதவைத் திறந்து ஜெபமணி சிஸ்டர் தலையை நீட்டினாள்.

"டாக்டர், வெளிய இன்னும் இருபது பேர் இருக்காங்க, அடுத்த ஆளை அனுப்பட்டுமா?"

"இருங்க சிஸ்டர்," என்றேன். "இவ இன்னும் சொல்லி முடிக்கலை."